ராஸ்பெர்ரி பை கணினிக்கு வெற்றுப் பலகை வாங்கும் முன்

பழுதாகிவிட்டது என்று என் மேசைக்கு வரும், கையடக்கமான ராஸ்பெர்ரி பை கணினிகளைப் பார்க்கும்போது, நான் முதலில் கணினியைத் தொடுவதில்லை. அதன் தலைமேல் செருகியிருக்கும், பாகங்களைப் பொருத்தி நாமே சுற்று அமைக்கும் பலகையைக் கழற்றித் திருப்பிப் பார்க்கிறேன். அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கருவி, மண்ணின் ஈரத்தை அளந்து நீர் பாய்ச்சும் சிறிய பம்பை இயக்குவது. பாகங்களை வெறுமனே செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டில் இரண்டு வாரம் பிழையின்றி ஓடிய அந்தச் சுற்றை, துளைகள் நிறைந்த டாட் போர்டில் சால்டர் செய்து (ஈயத்தை உருக்கி ஒட்டி) மாற்றிய அன்றைக்கே கணினி உயிரிழந்துவிட்டது. பலகையின் அடியில், கணினியோடு இணையும் முனைகளான பின்களில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் மயிரிழை அளவுக்கு ஈயம் ஒட்டியிருந்தது.

அந்த இரண்டு பின்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. முதலாவது 3.3 வோல்ட், இரண்டாவது 5 வோல்ட். இரண்டும் சேர்ந்தால் 5 வோல்ட் நேராகச் செயலியின் 3.3 வோல்ட் பாதைக்குள் நுழைகிறது. அதைத் தாங்கும் வலு அந்தச் சில்லுக்கு இல்லை. மாணவரின் கைத்திறனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்கிய பலகையில் பின்களின் பெயரோ எண்ணோ எதுவும் அச்சிடப்படவில்லை. போதாக்குறைக்கு, சால்டர் செய்யப் பலகையைத் திருப்பும்போது வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறிவிடுகிறது. 40 பின்களின் புள்ளிகளுக்கு நடுவே எது எதுவென்று நினைவில் வைத்துக்கொள்வது பழகியவருக்கே சிரமம். ஆகவே பலகையின் இரு பக்கமும் பின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்பதை, விலையைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள்.

கடைகளில் கிடைக்கும் வெற்றுப் பலகைகளை, அவற்றில் செம்புப் பாதை எப்படி ஓடுகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். டாட் போர்டில் ஒவ்வொரு துளையும் தனித்தனி. எல்லா இணைப்பையும் நீங்களே கம்பி போட்டுத் தர வேண்டும். ஸ்டிரிப் போர்டில் ஒரு வரிசைத் துளைகள் முழுவதும் முன்கூட்டியே இணைந்திருக்கும். சிறிய ஆம்பிளிஃபையர் கட்டுவதற்கு அது வசதியானதுதான். ஆனால் இரட்டை வரிசையாக உள்ள 40 பின் இணைப்பியை அதன்மேல் அப்படியே வைத்தால், செம்பு குறுக்கே ஓடும்பட்சத்தில் ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும் என ஒவ்வொரு இணையும் ஷார்ட் ஆகும், அதாவது ஒன்றோடொன்று இணைந்துவிடும். நீளவாக்கில் ஓடினால் ஒரு வரிசையின் 20 பின்களும் ஒன்றாகிவிடும். ஒவ்வோரிடத்திலும் செம்பைச் சுரண்டி வெட்டும் பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மூன்றாவது வகை பிரெட்போர்டின் இணைப்பு அமைப்பையே அச்சாகக் கொண்டது. அடாஃப்ரூட் நிறுவனத்தின் பெர்மா புரோட்டோ பலகைகள் இவ்வகை. பிரெட்போர்டில் சோதித்த சுற்றை இடம் மாறாமல் அப்படியே இறக்கிவைக்கலாம் என்பதால், முதன்முறை செய்பவர்களுக்கு நான் இதையே சொல்கிறேன். டாட் போர்டைவிட விலை கூடுதல்தான். ஒரு கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியாது.

பலகை எதனால் ஆனது என்பதையும் கவனியுங்கள். பழுப்பு நிற ஒருபக்கப் பலகையில், ஒரே புள்ளியை இரண்டு மூன்று முறை சூடாக்கினால் செம்பு வளையம் உரிந்து வந்துவிடும். கண்ணாடி இழைப் பலகையில் துளையின் உட்சுவரிலும் செம்பு பூசப்பட்டிருந்தால், தவறாக வைத்த பாகத்தைக் கழற்றி மீண்டும் வைக்கலாம். சோதனைச் சுற்று என்றாலே கழற்றுவதும் மாட்டுவதும்தானே?

அளவு பற்றிய குழப்பம் பலருக்கு உண்டு. 2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் 26 பின்கள்தாம். 2014இல் வந்த பி பிளஸ் மாதிரியிலிருந்து 40. அதே ஆண்டில்தான், இந்தக் கணினியின் மேல் செருகும் பலகைகளுக்கான ஹேட் என்னும் வரையறையும் வந்தது. அதன்படி பலகை ஏறத்தாழ 65க்கு 56 மில்லிமீட்டர் அளவில், நான்கு மூலைகளிலும் திருகுத் துளைகளோடு, தன்னை இன்னதென்று கணினிக்குச் சொல்லும் ஒரு சிறிய ஈஈப்ராம் நினைவகத்தையும் கொண்டிருக்க வேண்டும். நிரலை நீங்களே எழுதும் சொந்தக் கருவிக்கு அந்த நினைவகம் தேவையில்லை. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஆனால் அதற்கென ஒதுக்கப்பட்ட 27, 28ஆம் பின்களை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள். உயரத்தையும் பாருங்கள்: ஈதர்நெட் இணைப்பியின் உலோகக் கூட்டுக்கு மேலே பலகையின் அடிப்பக்கச் சால்டர் முனைகள் உரசினால், ஷார்ட் ஆவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; சால்டர் முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பின்களில் செருகும் உயரமான பெர்க் இணைப்பியும், பலகையைத் தாங்க அதற்கேற்ற ஸ்பேசர்களும் வாங்குவதே சரி.

பலகையில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பின்களின் வலுதான் முடிவு செய்கிறது. கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜிபிஐஓ பின்னிலிருந்து அதிகபட்சம் 16 மில்லிஆம்பியர் எடுக்கலாம். பம்பு போன்றவற்றை இயக்கி நிறுத்தும் மின் சுவிட்சான ரிலேயில், சாதாரண 5 வோல்ட் வகையின் சுருள் மட்டும் 70 மில்லிஆம்பியர் அளவுக்குக் கேட்கும். எனவே ஒவ்வொரு ரிலேக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, சுருளுக்குக் குறுக்கே 1என்4007 போன்ற ஒரு டையோடு என்று இடம் ஒதுக்க வேண்டும். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை அளக்கும் அனலாக் உள்ளீடு இந்தக் கணினிக்குக் கிடையாது என்பதால், மண் ஈர சென்சாருக்கு, அந்த அளவை எண்ணாக மாற்றித் தரும் எம்சிபி3008 போன்ற ஒரு சில்லும் 16 துளை எடுத்துக்கொள்ளும். அதை 5 வோல்ட்டில் ஓட்டினால் அதன் வெளியீடும் 5 வோல்ட்டாகத்தான் வரும், 3.3 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள். பை ஜீரோ என்னும் சிறிய மாதிரியின் அளவில், 65க்கு 30 மில்லிமீட்டரில், அழகாக இருக்கிறதே என்று சிறிய பலகையை வாங்கிவிட்டு, பிறகு ரிலேயைக் கம்பியில் தொங்கவிடுபவர்கள் அதிகம்.

வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை இந்தப் பலகைகளில் கொண்டுவருவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்பதில்லை. துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் 2.54 மில்லிமீட்டர், செம்பு வளையங்களின் அகலத்தைக் கழித்தால் எஞ்சும் இடைவெளி அதைவிட மிகக் குறைவு. தாழ்மின்னழுத்தச் சுற்றிலிருந்து வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவைக்க அது போதவே போதாது. பம்பு வீட்டு மின்சாரத்தில் ஓடுவதானால், மூடிய பெட்டிக்குள் தனியாக அமைந்த ரிலே மாட்யூலை வையுங்கள். உங்கள் பலகையிலிருந்து அதற்குக் கட்டுப்பாட்டுக் கம்பிகள் மட்டுமே போகட்டும்.

சால்டர் வேலை முடிந்ததும் பலகையைக் கணினியில் செருகாமல், மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் நிலையில் வைத்து மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: முதல் பின்னுக்கும் இரண்டாவதற்கும் இடையே, முதலாவதற்கும் கிரவுண்டான ஆறாவதற்கும் இடையே, இரண்டாவதற்கும் ஆறாவதற்கும் இடையே. தொட்டவுடன் ஒரு கணம் ஒலித்து அடங்கினால், அது பலகையில் உள்ள கெப்பாசிட்டர் மின்னேற்றம் பெறும் ஒலி. அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் ஈயம் எங்கோ ஒட்டியிருக்கிறது. விளக்கடியில் வைத்து, முதல் இரண்டு பின்களிலிருந்து தேடத் தொடங்குங்கள்.