வைட்டமின் டி பாக்கெட் கொழுப்பைக் குறைக்குமா?

போன மாதம் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஓர் அம்மாவுக்கு 54 வயது. பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். அட்டை பிரிக்காத, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள், கூடவே கிழித்த வைட்டமின் டி பாக்கெட்டுகள். எண்ணிப் பார்த்தேன், 26.

"டி சத்து ஏறினா கொழுப்பு தானா இறங்கிடும்னு சொன்னாங்க, டாக்டர். அதான் மாத்திரைய ரெண்டு மாசமா நிறுத்திட்டேன். சீக்கிரம் இறங்கட்டும்னு கடைசி மூணு வாரம் தினம் ஒரு பாக்கெட் பால்ல கலக்கிக் குடிச்சேன்."

ஒவ்வொன்றும் 60,000 யூனிட். வாரம் ஒன்று குடிக்க வேண்டியது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 104இலிருந்து 171 ஆகியிருந்தது. சில நாளாகத் தீராத தாகம், மலச்சிக்கல் என்றார். கால்சியம் பார்த்தால் 11.3. இயல்பாக 10.5ஐத் தாண்டக் கூடாது. டி கொழுப்பில் கரைவது, உடம்பில் தங்கிவிடும். அளவு மீறினால் கால்சியம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. டி குறைந்தவர்களில் பலருக்குக் கொழுப்பும் கூடுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் பருமன், வெயில் படாமல் உட்கார்ந்தே இருப்பது போன்றவை இரண்டுக்குமே காரணமாகலாம். அப்போது டியை மட்டும் ஏற்றினால் கொழுப்பு எப்படி இறங்கும்? ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தினர் டி குறைந்த 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் 50,000 யூனிட் வீதம் 8 வாரம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 2012இல் வெளியான முடிவு: ரத்தத்தில் டி நன்றாக ஏறியது, கொழுப்பு குறையவில்லை. அப்புறம் அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில் தினம் 2,000 யூனிட் ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

ஸ்டாட்டின் வேலையே வேறு. கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதை அது குறைக்கிறது. அதனால் ரத்தத்திலுள்ள எல்டிஎல்லைக் கல்லீரல் அதிகமாக இழுத்துக்கொள்கிறது. அதை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே போய்விடும். மாத்திரையால் தசைவலி வந்தால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

"அப்போ டி வேண்டவே வேண்டாமா?" என்றார். ரத்தத்தில் 20க்குக் கீழே இருந்தால் எலும்புக்காக வேண்டும்தான். இவருக்கு இப்போதைக்கு நிறுத்திவிட்டேன், கால்சியம் இறங்கட்டும்.

அந்தப் பாக்கெட்டில் அளவு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. இப்போதெல்லாம் டி எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் தமிழில் பெரிதாக எழுதுகிறேன்: "ஞாயிறு மட்டும். எட்டு வாரம். கொழுப்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம்."