ஓவியம் வாக்குமூலம் அல்ல: கேம்டன் டவுன் கொலையில் தடயங்கள் சொன்னதும் சொல்லாததும்

பழைய கறுப்பு வெள்ளை நுவார் குற்றப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. ஓவியனுக்கு மாடலாக உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். கடைசியில் அவன் தீட்டிய படமே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே கதையைத் தூக்கி நிஜ வழக்குகளின் மேல் போர்த்தும்போதுதான் சிக்கல். லண்டன் ஓவியர் வால்டர் சிக்கர்ட்டுக்கு அதுதான் நடந்தது. 1942இல் இறக்கும்வரை அவர்மீது எந்தக் கொலை வழக்கும் இல்லை. 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ‘ஜாக் தி ரிப்பர்’ இவர்தானோ என்று 1970களில் கிளம்பிய சந்தேகத்தை 2002இல் அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் பாட்ரிசியா கார்ன்வெல் டி.என்.ஏ. சோதனை வரை கொண்டுபோனார். ‘ஜாக் தி ரிப்பர் இவர்தான், ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது’ என்று இன்றும் பலர் நம்புகிறார்கள்.

ஆய்வுக்கூடம் அப்படிச் சொல்லவில்லை. அது என்ன சொன்னது என்று பார்ப்பதற்கு முன், சிக்கர்ட்டை இந்தப் பேச்சுக்குள் இழுத்துவந்த இன்னொரு கொலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1907 செப்டம்பர் 12. கேம்டன் டவுன், செயின்ட் பால்ஸ் ரோடு, 29ஆம் எண் வீடு. இரவு ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல் வேலை பார்த்துவிட்டு முற்பகலில் திரும்பிய பெர்ட்ரம் ஷா, தன்னோடு வாழ்ந்துவந்த எமிலி டிம்மக் கழுத்தறுபட்டுப் படுக்கையில் கிடப்பதைக் கண்டார். அறையில் எமிலியின் போஸ்ட்கார்டு ஆல்பத்தை யாரோ கிளறியிருந்தார்கள். பிறகு கிடைத்த ஒரு கார்டில், இன்ன நேரத்துக்கு வந்து சந்திக்கும்படி எழுதி, இடத்தின் பெயருக்குப் பதிலாக உதிக்கும் சூரியனைச் சிரித்த முகத்தோடு வரைந்திருந்தது. ‘ரைசிங் சன்’ என்பது யூஸ்டன் ரோட்டில் இருந்த மதுக்கடை. கையொப்பம் ‘ஆலிஸ்’.

அந்தக் கார்டின் படம் பத்திரிகைகளில் வெளியானது. ரூபி யங் என்ற பெண் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். தொழில், ஓவியர்களுக்கு மாடல். எழுதியவர் அவருடைய காதலர் ராபர்ட் வுட், கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்பு வரையும் ஓவியர். வுட் ஏற்கெனவே ரூபியிடம், ‘அந்த புதன்கிழமை மாலை நாம் சேர்ந்திருந்தோம் என்று சொல்லிவிடு’ என்று கேட்டுவைத்திருந்தார். பொய்யான அலிபி, அதாவது கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாகக் காட்டும் சாட்சியம்.

இப்போது கணக்குப் பாருங்கள். கார்டை எழுதியது வுட். கொலையுண்டவரைத் தெரியும் என்பதும் உண்மை. முந்தைய இரவு மதுக்கடையில் அவரோடு இருந்ததும் உண்மை. அலிபி ஜோடித்ததும் உண்மை. அறையின் அடுப்பில் கிடந்த கரிந்த காகிதத் துண்டில் அவருடைய எழுத்து இருந்ததும் உண்மை. போதாதா என்றுதான் தோன்றும். அதே ஆண்டு டிசம்பரில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், எட்வர்ட் மார்ஷல் ஹால் அவருக்காக வாதாடினார். அதிகாலையில் வீட்டிலிருந்து வெளியேறிய ஆளைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொன்ன சாட்சி முக்கியமானவர். அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே அந்தத் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன என்று வுட் தரப்பு காட்டியது. குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சி சொல்ல 1898ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமையைப் பயன்படுத்தி வுட்டே கூண்டேறிச் சாட்சியும் சொன்னார். ஜூரி கால் மணி நேரத்தில் விடுதலை என்றது. எமிலியைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

வுட்டுக்கு எதிராக மேலே எண்ணிய ஒவ்வொரு செய்தியும் மெய்யாகவே இருந்தும் குற்றம் மெய்ப்படவில்லை. ஏன் என்பதை எங்கள் தடயவியல் தொழிலில் மூன்று படிகளாகப் பிரித்துப் பார்ப்போம். இந்தத் தடயம் யாரிடமிருந்து வந்தது? அது எந்தச் செயலால் அங்கே வந்தது? அந்தச் செயல் குற்றமா? ஆய்வுக்கூடம் பெரும்பாலும் முதல் படிக்குத்தான் பதில் சொல்லும். கார்டு வுட்டிடமிருந்து வந்தது என்பது முதல் படி. மதுக்கடையில் சந்திக்கக் கூப்பிட்டார் என்பது இரண்டாவது படி. அந்தப் படி கொலை அறைக்குள் போவதே இல்லை. முதல் படியின் பதிலை எடுத்து மூன்றாவது படியில் வைப்பதுதான் செய்தித் தலைப்புகளில் நாம் அன்றாடம் காணும் பிழை.

சிக்கர்ட் அப்போது கேம்டன் டவுன் பக்கம் மார்னிங்டன் கிரசென்ட்டில் குடியிருந்தார். கொலைக்குப் பிறகு, இரும்புக் கட்டிலில் நிர்வாணமாகக் கிடக்கும் பெண், பக்கத்தில் முழு உடையோடு ஓர் ஆண் என்று வரிசையாகப் படங்கள் தீட்டி, ‘கேம்டன் டவுன் கொலை’ என்று பெயர் வைத்தார். 1911இல் அந்தத் தலைப்போடு இரண்டு படங்களைக் காட்சிக்கும் வைத்தார். சந்தேகப்படுபவர்கள் சுட்டிக்காட்டுவது இவற்றைத்தான். ஆனால் அந்த வரிசையில் ஒரு படத்துக்கு ‘வாடகைக்கு என்ன செய்வது?’ என்ற இன்னொரு தலைப்பும் உண்டு. அந்தத் தலைப்போடு பார்த்தால் கட்டில் விளிம்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவன் கொலைகாரன் அல்ல, வேலையில்லாத கணவன். கோடும் நிறமும் ஒன்றேதான். ஊரே ஒரு கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெயரில் படம் மாட்டினால் கூட்டம் வரும் என்பது சிக்கர்ட்டுக்கு நன்றாகவே தெரியும். அது ரசக்குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எமிலி டிம்மக் அவருக்கு மாடலாக இருந்தார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

‘இறந்தவர் கிடந்த கோலம் தெரியாமல் இப்படித் தீட்ட முடியாது’ என்று இன்னொரு வாதம். ரிப்பரின் கைக்கு 1888 நவம்பர் 9 அன்று பலியான மேரி ஜேன் கெல்லியின் படுக்கைப் புகைப்படத்தை வைத்து இதைச் சொல்கிறார்கள். அந்தப் புகைப்படம் 1899இலேயே பிரெஞ்சு மருத்துவர் லகசாஞ்ஞின் நூலில் அச்சாகிவிட்டது. 1898 முதல் 1905 வரை சிக்கர்ட் வசித்தது பிரான்சின் தியெப்பில். ‘கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்த விவரம்’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, அந்த விவரம் எப்போது, எங்கே வெளியானது என்பதுதான். போலீஸ் விசாரணையிலும் இதே விதிதான். அதனால்தான் சில விவரங்களைப் பத்திரிகைக்குத் தராமல் பிடித்துவைக்கிறார்கள்.

இனி டி.என்.ஏ. ரிப்பர் பெயரில் போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் வந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் சிலவற்றின் உறை, ஸ்டாம்ப் ஆகியவற்றையும் சிக்கர்ட்டின் சொந்தக் கடிதங்களையும் சோதித்தார்கள். கிடைத்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பழைய பொருள்களில் இதுதான் தப்பிப் பிழைக்கும். ஏனென்றால் ஒரு செல்லில் உட்கரு டி.என்.ஏ. இரண்டே நகல், இதுவோ நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை. நீளம் மொத்தமே 16,569 எழுத்துகள். ஆனால் இது தாய்வழி அப்படியே வரும். உங்களுக்கும், உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளுக்கும் ஒரே எழுத்து வரிசைதான். உறவே இல்லாதவர்களுக்கும் பொருந்திப்போவது சாதாரணம். எனவே இது ஆட்களை விலக்கப் பயன்படும் கருவி. ஒரே ஆளைச் சுட்டிக்காட்ட இது போதாது.

ஒரு வரிசை நூறில் ஒருவருக்கு இருக்கும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். ‘99 சதவீதம் பேரை விலக்கிவிட்டோம்’ என்று சொன்னால் பிரமிப்பாக இருக்கும். அன்றைய லண்டன் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் மேல். மிச்சம் 40,000 பேர். இரண்டு வாக்கியமும் ஒரே கணக்குத்தான். ‘இத்தனை சதவீதம்’ என்று எங்கே படித்தாலும் அதை ஆள் எண்ணிக்கையாக மாற்றிவிட்டு மறுபடி படியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு தடை. சிக்கர்ட்டின் உடல் எரியூட்டப்பட்டது. அவருடையது என்று ஐயமறத் தெரிந்த மாதிரி கையில் இல்லை. அவர் எழுதிய கடிதத்தின் ஸ்டாம்பை நாவால் நனைத்தது அவரா, மனைவியா, வேலைக்காரரா, அல்லது தபால் கவுண்டரின் ஈரப் பஞ்சா? பிறகு நூறாண்டுக்கு மேல் அந்த உறையைத் தொட்ட விரல்கள் எத்தனை? இத்தகைய பொருளில் ஸ்டாம்பை மட்டும் சோதித்தால் போதாது. அதே உறையில் யாரும் எச்சில் வைக்கக் காரணமில்லாத வெற்று இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அங்கேயும் அதே வரிசை வந்தால் அது எச்சில் அல்ல, கைபட்ட கலப்படம். பொருளே சேர்க்காமல் ரசாயனத்தை மட்டும் ஓட்டிப் பார்க்கும் வெற்றுச் சோதனை ஒன்று, ஆய்வுக்கூட ஊழியர்களின் டி.என்.ஏ. பட்டியலோடு ஒப்பீடு ஒன்று, முடிந்தால் வேறொரு கூடத்தில் தனியாக மறுசோதனை. ஒரு பழைய தடயத்தைப் பற்றிய அறிக்கையில் இவை இல்லையென்றால், முடிவைப் படிக்காமலே கீழே வைத்துவிடலாம்.

கணக்கில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் ரிப்பர் விவகாரமே உதாரணம் தருகிறது. 2014இல், கொலையுண்ட கேத்தரின் எடோஸின் சால்வை என்று சொல்லப்பட்ட துணியில், 314.1சி (314ஆம் எழுத்துக்குப் பின் கூடுதலாக ஒரு ‘சி’) என்ற அரிய மாற்றம் கிடைத்ததாகவும் அது 2,90,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்றும் அறிவித்தார்கள். மற்ற நிபுணர்கள் பார்த்ததும் பிழை தெரிந்தது. எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பொது மாதிரி வரிசையில் அந்த இடத்தில் ‘சி’ எழுத்து தொடர்ந்து ஐந்து முறை வரும். கூடுதலாக ஒரு ‘சி’ இருந்தால் அதை வரிசையின் கடைசியில், 315.1சி என்று குறிப்பதே மரபு. மரபுப்படி எழுதினால் அது ஐரோப்பிய வம்சாவளியினரில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இருக்கும் மாற்றம். தவறான எண்ணில் தேடியதால் தரவுத்தளத்தில் யாரும் அகப்படவில்லை. அதையே அரிது என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கர்ட்டுக்கு எதிரானவற்றில் ஓரளவு கனமானது காகிதம்தான். ஆரம்பத்தில், ரிப்பர் கடிதம் ஒன்றிலும் சிக்கர்ட் கடிதத்திலும் ‘ஏ. பிரி அண்ட் சன்ஸ்’ நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் தயாரிப்பாளர் குறி) இருக்கிறது என்றார்கள். அது எல்லாக் கடையிலும் விற்ற காகிதம்; மதிப்பில்லை. பிறகு காகித வரலாற்று நிபுணர் பீட்டர் போவர் வேறு தாள்களை எடுத்து, சிக்கர்ட்டின் மூன்று கடிதங்களும் ரிப்பர் பெயரிலான இரண்டும் 24 தாள் கொண்ட ஒரே கட்டிலிருந்து வந்தவை என்ற முடிவுக்கு வந்தார். நீர்க்குறியின் வடிவம் மட்டுமல்ல, தாளின் வெட்டு விளிம்பு, அளவு எல்லாம் சேர்ந்த ஒப்பீடு இது. சரி, ஏற்றுக்கொள்வோம். அப்போதும் கிடைப்பது முதல் படி மட்டும்தான்: சிக்கர்ட் ரிப்பர் பெயரில் விளையாட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம். அப்படி எழுதியவர்கள் ஊரெங்கும் இருந்தார்கள். 1888 அக்டோபரில் பிராட்ஃபோர்டு நகரில் ஓர் இளம்பெண் இப்படி எழுதிப் பிடிபட்டு நீதிமன்றத்தில் நின்றார். அவரைக் கொலைகாரி என்று யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, கொலைகள் நடந்த அந்த ஆண்டு ஆகஸ்ட் செப்டம்பரில் சிக்கர்ட் பிரான்சில் தங்கியிருந்ததைக் காட்டும் குடும்பக் கடிதங்கள் இருக்கின்றன.

கையெழுத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மாற்றி எழுதிய கையெழுத்தை ஒப்பிட வேண்டுமானால் அதே காலத்தில் இயல்பாக எழுதிய மாதிரிகள் பதினைந்து, இருபதாவது வேண்டும். நகல் அல்ல, மூலம். ‘ஜி’ ஒரே மாதிரி வளைகிறது என்பதெல்லாம் பள்ளியில் ஒரே காப்பிப் புத்தகத்தில் பழகிய தலைமுறைக்கே பொது. நுண்ணோக்கியில் நாங்கள் தேடுவது பேனா தயங்கிய இடம், எடுத்து வைத்த இடம், அழுத்தம் ஏறி இறங்கும் விதம். புத்தகத்தில் அச்சான படத்தை வைத்து இதைச் செய்ய முடியாது.

இதெல்லாம் நூறாண்டுப் பழைய கதையாக இருக்கலாம். மொட்டைக் கடுதாசி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மிரட்டல் கடிதம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் உறையைக் குப்பையில் போடாதீர்கள். ஸ்டாம்ப், பசை ஒட்டிய மடிப்பு, தபால் முத்திரை மூன்றும் அதில்தான் இருக்கின்றன. பல நேரங்களில் கடிதத்தைவிட உறைதான் அதிகம் பேசும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் மடிப்பிலேயே மடியுங்கள். இரண்டு பக்கமும், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே ஈரம் தங்கி டி.என்.ஏ. கெட்டுவிடும், காகித உறையே நல்லது. ஸ்டேப்ளர், செல்லோ டேப், லேமினேஷன் எதுவும் கூடாது. நீங்கள் பார்க்கும் வரை யார் யார் தொட்டார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிவையுங்கள். அவர்களுடைய ரேகையையும் டி.என்.ஏ.வையும் கழித்துப் பார்க்க அது வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: கடிதத்தைப் பாதுகாக்கும் காகித உறைக்குள் போட்டுவிட்டு, அந்த உறையின் மேலேயே பால்பாயின்ட் பேனாவால் தேதியும் பெயரும் எழுதுவார்கள். கடிதம் எழுதியவர் நோட்டுப் புத்தகத்தில் முந்தைய பக்கத்தில் வேறு எதையாவது எழுதியிருந்தால் அதன் பதிவு இந்தத் தாளில் கண்ணுக்குத் தெரியாத பள்ளமாக இருக்கும். நிலைமின் கருவியில் வைத்து அதைப் படிக்கலாம். மேலே எழுதிய உங்கள் எழுத்து அந்தப் பள்ளத்தின் மேல் இன்னொரு பள்ளத்தைப் போட்டுவிடும். உறையின் மேல் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் கடிதத்தை உள்ளே வையுங்கள். விசாரணை அதிகாரிகள் கவனிக்க வேண்டியது, சோதனைகளின் வரிசை: படம், சாய்ந்த ஒளி, நிலைமின் சோதனை, பசையிலிருந்து டி.என்.ஏ. மாதிரி, கடைசியாகத்தான் ரேகைக்கு நின்ஹைட்ரின். அந்தக் கரைசலை முதலில் தடவினால் பள்ளமும் போகும், சில மைகளும் கரைந்து ஓடும். இரண்டையும் பிறகு மீட்க வழியில்லை.