கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆய்வேடுகள்

மார்ச் கடைசியில் என் மேசைக்கு வரும் முதுகலை ஆய்வேடுகளில் பலவற்றுக்கு ஒரே முகம். அட்டையில் ‘காவிரி டெல்டா விவசாயிகளின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’ என்று தலைப்பு. கடந்த ஆண்டுகளில் வந்த அப்படியொன்றில் முதல் இயல் மட்டும் 34 பக்கம். கரிகாலனின் கல்லணை, 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை, 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2007-இல் வந்த அதன் இறுதித் தீர்ப்பு, கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. என எல்லாம் அதில் இருந்தன. அதை எழுதிய மாணவி வெயிலில் அலைந்து சந்தித்த 60 விவசாயிகள் சொன்னவற்றுக்கு 12 பக்கம். முடிவுரை ஒன்றரைப் பக்கத்தில் ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’ என்று நின்றுவிட்டது.

வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் விட்டால், கடைசியில் இருக்கும் கடைமடை வயல் என்னவாகும் என்று வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்வேட்டிலும் அதேதான் நடக்கிறது. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது) ஒன்று, ‘சென்றுதேய்ந்து இறுதல்’ (போகப்போக மெலிந்து முடிவது) இன்னொன்று. முன்னது இருந்தால் பின்னது தானாக வந்து சேரும் என்பது பதினெட்டு ஆண்டு நெறியாளர் வேலையில் நான் கண்டது.

மாணவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. இவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். எழுத்தின் அளவு என்ன, அட்டையின் நிறம் என்ன, எத்தனை பிரதி என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஆய்வுக்கு ஒரு கேள்வி வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். என் வருத்தம் அதில்தான்.

‘சமூகப் பொருளாதார நிலை’ என்பது கேள்வியே இல்லை. அந்த மாணவியிடம், களத்தில் உன்னைத் தூங்கவிடாமல் செய்தது எது என்று கேட்டேன். கொள்முதல் நிலையத்தின் முன்னால் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்துக்கிடந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பனி பெய்யும் தை மாதத்தில் காயவைக்க ஆள்கூலி, தார்ப்பாய் வாடகை, இரவுக் காவல் எல்லாம் சேரும். சொந்த நிலக்காரரைவிடக் குத்தகைதாரர் அதிக நாள் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சிட்டா நிலக்காரர் பெயரில் இருப்பதால் காகிதத்துக்கு அலைய வேண்டியிருக்கிறதாம். ‘சம்பா நெல்லை விற்கக் காத்திருப்பதில் ஆகும் செலவு சொந்த நிலக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் எவ்வளவு வேறுபடுகிறது?’ என்று அங்கேயே எழுதவைத்தேன். கேள்விக்குறியோடு முடியும் ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் பாதி ஆய்வேடு எழுதியாகிவிட்டது என்று துணிந்து சொல்வேன். எதை விடுவது என்பதை இனி அந்த வாக்கியமே சொல்லிவிடும்.

அடுத்து, வினாநிரல் தயாரிப்பதற்கு முன்பே வெற்று அட்டவணைகளை வரையுங்கள். கடைசியில் என்னென்ன அட்டவணைகள் வரப்போகின்றன, அவற்றில் எந்தெந்த நெடுவரிசைகள் இருக்கும் என்று எண்ணே இல்லாமல் கட்டம் மட்டும் போடுங்கள். எந்தக் கட்டத்திலும் இடம் பெறாத வினாவை அடித்துவிடலாம். அந்த மாணவியின் வினாநிரலில் 48 வினாக்கள் இருந்தன. வீட்டில் தொலைக்காட்சி உண்டா என்பதும் அதில் ஒன்று. கட்டம் போட்டுப் பார்த்தபோது 19 வினாக்கள் மிஞ்சின.

அந்த 19-ஐயும் முதலில் ஐந்து பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த முன்னோட்டத்தைத் தவிர்ப்பவர்கள் நம் பகுதியில் தப்பாமல் மாட்டிக்கொள்கிற இடம் அளவுகள். ஹெக்டேரில் கேட்டால் பெரியவர்கள் மாக்கணக்கில் பதில் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. விளைச்சலை மூட்டையில் சொல்வார்கள். வீட்டுக் கணக்கில் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ, கொள்முதல் நிலையத்திலோ 40 கிலோ. எந்த மூட்டை என்று கேட்காமல் எழுதிக்கொண்டு வந்தவனின் சராசரியை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. ‘எந்த அளவில் சொன்னார், நான் எப்படி மாற்றினேன்’ என்பதற்குத் தனி நெடுவரிசை வைத்து, அதை ஆய்வுமுறை இயலிலும் எழுதிவிடுங்கள்.

காலத் திட்டத்தைக் கல்லூரி நாட்காட்டியை மட்டும் பார்த்துப் போடக் கூடாது. கடைசிப் பருவம் மார்கழி வாக்கில் தொடங்கிச் சித்திரையில் முடிகிறது. சம்பா அறுவடை தை, மாசியில் வருவதால் அதைப் பற்றிய களப்பணிக்கு அது வாய்ப்பான நேரம். பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். குறுவையை எடுத்துக்கொள்கிறவர்கள் அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபரிலேயே வயலில் நிற்க வேண்டும். அதற்கு ஜூலையில் கேள்வி தயாராக வேண்டும். பிப்ரவரியில் போய்க் குறுவைச் செலவைக் கேட்டால் கிடைப்பது நினைவிலிருந்து வரும் தோராயம். வரலாற்று மாணவர்களுக்கும் இதே கணக்குதான். தஞ்சை மராட்டியர் காலத்தில் மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்து ஆவணங்களை நம்பித் தலைப்பு எடுப்பவர், மோடி எழுத்தைப் படிக்கப் பழக எத்தனை மாதம் ஆகும் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

எழுதுவதை முகவுரையிலிருந்து தொடங்காதீர்கள். களத்தில் இருக்கும்போதே ஆய்வுமுறையை எழுதுங்கள், பிறகு அட்டவணைகளும் கண்டறிந்தவையும், அதன்பின் அவற்றின் பொருள், முன்னாய்வுகளோடு ஒப்பீடு. முகவுரை அதற்குப் பிறகு, சுருக்கம் கடைசியில். பக்கங்களை முறைப்பாசனம் போல முன்கூட்டியே பிரித்துவிடுவது நல்லது. அறுபது பக்கம் என்றால் முகவுரைக்கு ஏழு, முன்னாய்வுக்குப் பத்து, ஆய்வுமுறைக்கு எட்டு, கண்டறிந்தவற்றுக்கு இருபது, விவாதத்துக்கும் முடிவுக்கும் பதினைந்து என்பது நான் சொல்லும் கணக்கு. ஓரிரண்டு பக்கம் கூடக் குறைய இருக்கலாம்.

முன்னாய்வுகளைப் படிக்கும்போதே நூலும் பக்க எண்ணும் குறிப்பேட்டில் ஏறிவிட வேண்டும். ‘அப்புறம் தேடிக்கொள்ளலாம்’ என்று விட்ட வரிதான் கடைசி வாரத்தில் திருட்டு வரியாக மாறி நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தரச் சொல்லலாம். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். சதவீதத்துக்குப் பயந்து சொற்களை மட்டும் மாற்றிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கருத்து பிறருடையது என்றால் சொல் மாறினாலும் பெயர் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த மாணவி மூன்று வாரம் அவகாசம் வாங்கி, 60 பேரில் 41 பேரைத் திரும்பப் போய்ப் பார்த்தாள். குத்தகைதாரர்தான் அதிகம் செலவழிக்கிறார் என்ற அவள் எண்ணம் ஓரளவே சரியாக இருந்தது. சொந்த நிலமாக இருந்தாலும் இரண்டு மாவுக்குக் குறைவாக வைத்திருந்தவர்கள், ஒரு மூட்டைக்குக் குத்தகைதாரரைவிடக் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள். இதை மறைக்கவா என்று கேட்டாள். அதற்காகவே தனி இயல் எழுதச் சொன்னேன், பதினோரு பக்கம் எழுதினாள். திருத்திய பிரதியில் முகவுரை ஆறு பக்கம். மேட்டூர் அணை அதில் ஒரு வரியில் வந்தது, அந்த ஆண்டு சம்பா நாற்று எப்போது விட முடிந்தது என்பதைச் சொல்வதற்காக.