முதலாளி இறந்த பிறகு பாலியல் புகார்: மலேசியச் சட்டத்தில் என்ன வழி?

லண்டன் ஹாரட்ஸ் கடையை 1985 முதல் 2010 வரை கையில் வைத்திருந்த முகமது அல் ஃபயத், 2023 ஆகஸ்டில் 94 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிபிசி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அவரிடம் வேலை பார்த்த இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் வாய் திறந்தார்கள். பாலியல் வல்லுறவு வரை குற்றச்சாட்டுகள் வந்தன. படம் வெளியானதும் இன்னும் பல பெண்கள் போலீசுக்குப் போனார்கள். இந்தக் குற்றச்சாட்டுகளுக்காக அவர் ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. இனி ஏறவும் முடியாது. ஆனாலும் கடையின் இன்றைய உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 2025 மார்ச் இறுதியில் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றையும் திறந்தார்கள்.

இதைப் படித்த நம் பெண்களில் சிலருக்குத் தங்கள் சொந்த முதலாளியின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். கோலாலம்பூரில் துணிக்கடை, நகைக்கடை, லாரிக் கம்பெனி, கணக்கு ஆபீஸ் என்று எத்தனையோ இடங்களில் கிராணியாகவும் விற்பனைப் பெண்ணாகவும் வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் முதலாளி என்றால் கோவில் திருவிழாவுக்கு நன்கொடை தருபவர், மேடையில் மாலை வாங்குபவர். அவர் இறந்துவிட்டால், "ஆளே போய்ச் சேர்ந்துட்டாரு, இனி யார் மேல புகார் கொடுக்கிறது?" என்று வீட்டிலேயே சொல்லி அடக்கிவிடுவார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. அவர் இறந்ததால் மூடுகிற கதவு ஒன்றுதான். மற்ற கதவுகளுக்குக் காலக்கெடு இருக்கிறது, சிலவற்றுக்கு மிகவும் குறுகிய கெடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூடுகிற கதவு குற்றவியல் வழக்கு. தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு மானபங்கத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. சொல்லாலும் சைகையாலும் அவமதிப்பதற்கு 509ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. வல்லுறவுக்கு 376ஆம் பிரிவு. இவற்றில் எதிலும் இறந்தவரை நிறுத்த முடியாது. அதற்காகப் போலீஸ் ரிப்போர்ட் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட முதலாளி பெரும்பாலும் தனி ஆளாக இருப்பதில்லை. பெண்ணை அறைக்கு அனுப்பிய மேனேஜர், வாசலில் நின்ற டிரைவர், வாயை மூடச் சொல்லி மிரட்டிய உறவுக்காரர் என்று பலர் இருப்பார்கள். தெரிந்தே துணை போனவர்கள் உயிரோடு இருந்தால், உடந்தை என்று அவர்கள் மேல் வழக்கு வரலாம். மலேசியாவில் இந்தக் குற்றங்களுக்குக் கால வரம்பு கிடையாது. பத்து வருடம் ஆனாலும் ரிப்போர்ட் கொடுக்கலாம்.

உங்கள் முதலாளி யார்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையைப் பாருங்கள். உங்களுக்காகப் பணம் கட்டியவரின் பெயர் அதில் இருக்கும். பெயருக்குப் பின்னால் 'சென்டிரியான் பெர்ஹாட்' என்று இருக்கிறதா, வெறும் 'எண்டர்பிரைஸ்', 'டிரேடிங்' என்று இருக்கிறதா? மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

சென்டிரியான் பெர்ஹாட் என்றால், சட்டத்தின் கண்ணில் உங்கள் முதலாளி அந்த மனிதர் இல்லை, கம்பெனி. அவர் இறந்தாலும் கம்பெனி இருக்கிறது. மகன் நடத்தலாம், விற்று வேறு கைக்குப் போயிருக்கலாம், அது வேறு விஷயம். கம்பெனியின் தலைவர் தன் பதவியைப் பயன்படுத்தித்தான் இதைச் செய்தார் என்றும், புகார் சொல்லியும் கம்பெனி கண்டுகொள்ளவில்லை என்றும் கம்பெனி மேலேயே வழக்குப் போட இடமுண்டு. கம்பெனியின் பொறுப்பு தானாக வந்துவிடாது, நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஆனால் எதிரில் நிறுத்த ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

எண்டர்பிரைஸ் என்று தனி ஆள் பெயரில் பதிந்த வியாபாரமாக இருந்தால், கடையும் அவரும் சட்டத்துக்கு ஒன்றுதான். அவர் போனால், வழக்கு அவர் விட்டுப்போன சொத்தின் மேல்தான் போக வேண்டும். எது என்று சந்தேகம் இருந்தால் கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் சிறிய கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம்.

சொத்தின் மேல் வழக்கு

பாலியல் தொல்லைக்காக ஒருவர் மேல் சிவில் வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கலாம் என்பதை 2016இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. மேலதிகாரி ஆபாசமாகப் பேசுகிறார் என்று ஒரு பெண் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அந்த மேலதிகாரிதான் முதலில் கோர்ட்டுக்குப் போனார், தன் பெயர் கெட்டுவிட்டது என்று. பெண் எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் ஜெயித்தது அந்தப் பெண். அவருக்கு 120,000 வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் நம் நாட்டில் இப்படி ஒரு வழக்குக்குத் தெளிவான வழி இருக்கவில்லை.

இந்த உரிமை ஆள் இறந்ததும் போய்விடுமா? போகாது. 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 8ஆம் பிரிவு, இறந்தவர் மேல் இருந்த வழக்கு உரிமைகள் அவருடைய சொத்தின் மேல் தொடரும் என்கிறது. கடன்காரர் எப்படிப் பிள்ளைகள் பங்கு போடும் முன் தன் பணத்தைக் கேட்கலாமோ, அப்படித்தான் இதுவும்.

ஆனால் அதே பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே நீங்கள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், அவருடைய சொத்தை நிர்வகிக்க ஒருவர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீங்கள் வழக்குப் போட வேண்டும். உயில் இருந்தால் புரோபேட், உயில் இல்லையென்றால் நிர்வாகக் கடிதம், எந்தப் பத்திரமானாலும் அதன் தேதியிலிருந்து ஆறு மாதம். இறந்த நாளிலிருந்து கணக்கு இல்லை. அந்தக் குடும்பம் பத்திரத்தை எப்போது வாங்கியது என்று உங்களுக்கு யாரும் கடிதம் போட மாட்டார்கள். நீங்கள்தான் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

குடும்பம் பத்திரமே வாங்காமல் இழுத்தடித்தால்? அதற்கும் வழியுண்டு. பத்திரம் வாங்கப்படாத நிலையில் நேரடியாக இறந்தவரின் சொத்தின் மேலேயே வழக்குத் தொடுக்க 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள், ஆணை 15, விதி 6ஏ இடம் தருகிறது. "மகன் இன்னும் பேப்பர் எதுவும் செய்யலையே" என்று காத்திருக்கத் தேவையில்லை.

இதோடு பொதுவான கெடுவும் சேர்ந்துகொள்ளும். 1953ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டப்படி சம்பவம் நடந்து ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வேலை பார்த்தது அரசாங்க இலாகாவிலோ பொது அமைப்பிலோ என்றால் 36 மாதம்தான். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்த கையோடு 17 வயதில் வேலைக்குப் போன பிள்ளைக்கு அந்த வயதில் நடந்திருந்தால், ஆறு ஆண்டு அவருக்கு 18 முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.

இங்கே என் ஆதங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டன் பெண்களில் பலர் இருபது, முப்பது ஆண்டு கழித்துப் பேசியவர்கள். இங்கிலாந்தில் உடல், மனக் காயத்துக்கான வழக்கில் கெடு தாண்டிவிட்டாலும் நியாயம் என்று பட்டால் நீதிபதி அதைத் தளர்த்தலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு அதிகாரம் நீதிபதிக்கு இல்லை. சம்பளத்துக்காகவும் தங்கை கல்யாணத்துக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்த பெண், தைரியம் வந்து நிமிரும்போது ஆறு ஆண்டு எப்போதோ கடந்திருக்கும். அது போதாதென்று, எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஒரு பத்திரத்தின் தேதியை வைத்து இன்னோர் ஆறு மாதக் கெடு. இந்தச் சட்டம் மாற வேண்டும். மாறும்வரை, இறப்புச் செய்தி காதில் விழுந்த வாரமே வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இன்னும் அதே இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு

இறந்தவரோடு சேர்ந்து தொல்லை கொடுத்தவர்கள் இன்னும் அந்த ஆபீசில் இருந்தால், வேலைச் சட்டம் உங்கள் பக்கம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்கென்றே தனிப் பகுதி 2012இல் சேர்க்கப்பட்டது. சம்பளம் எவ்வளவு என்றாலும் அது பொருந்தும். புகார் வந்தால் நிர்வாகம் விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதையும் செய்யவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்கு, ஜேதிகே என்கிறோமே அங்கே போகலாம். புகாரே தனி ஆள் முதலாளி மேல் என்றால் இலாகாவின் தலைமை இயக்குநரே விசாரிப்பார். கடமை தவறும் முதலாளிக்கு 2023 ஜனவரி முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். அதே தேதியிலிருந்து, பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பாயமும் 2024 மார்ச்சிலிருந்து இயங்குகிறது. 250,000 வெள்ளி வரை இழப்பீடு தரச் சொல்லலாம், மன்னிப்புக் கேட்க வைக்கலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும், பொதுவாக வக்கீல் வைக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் ஆள் மேல் புகார் என்றால் இது நல்ல வழி. இறந்துபோன முதலாளி விஷயத்தில் இதை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள். அந்த ஆறு மாதக் கெடு உங்களுக்காக நிற்காது.

புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா? தொழில் உறவுச் சட்டம், 20ஆம் பிரிவின் கீழ் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தாங்க முடியாமல் நீங்களே விலகியிருந்தாலும், உங்களை அந்த நிலைக்குத் தள்ளியது நிர்வாகம்தான் என்றால் இதே 60 நாள்தான். ஒரு நாள் தாண்டினாலும் ஏற்க மாட்டார்கள்.

"மானநஷ்ட வழக்குப் போடுவோம்" என்று மிரட்டினால்

பிள்ளைகள் சொல்கிற முதல் வார்த்தை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இறந்தவருக்காக மானநஷ்ட சிவில் வழக்குப் போட வாரிசுகளுக்கு உரிமை இல்லை; சொத்தோடு தொடராத வழக்குகளில் மானநஷ்டமும் ஒன்று என்று அதே 8ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தில் இறந்தவர் மேல் பழி சுமத்துவதும் அவதூறுக் குற்றம் ஆகலாம். அதனால் ஃபேஸ்புக்கில் கொட்டுவதற்கு முன் போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டில் சொன்னதற்காக மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் மட்டும் அது தனிக் குற்றம்.

சாட்சி

அறையில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருவர் இறந்துவிட்டார், யார் நம்புவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். சம்பவம் நடந்த சமயத்திலேயே நீங்கள் அக்காவிடமோ தோழியிடமோ சொல்லியிருந்தால், சாதாரணப் பேச்சாக இருந்தாலும் அது உங்கள் வாக்குமூலத்துக்கு வலு சேர்க்கும் என்று சாட்சியச் சட்டம், 157ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அக்காவை வரச் சொல்லுங்கள். பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளைப் படம் பிடித்தால் மட்டும் போதாது. அந்தக் கைப்பேசியும் கையில் இருக்க வேண்டும். அப்புறம், அதே ஆளிடம் அதே மாதிரி அனுபவப்பட்ட இன்னொரு பெண் கிடைத்தால் வழக்கின் பலமே வேறு. இருவரும் ஒரே வக்கீலைப் பார்க்கலாம். ஆனால் நடந்ததை ஒருவர் சொல்லிக் கேட்டு மற்றவர் எழுதக் கூடாது; தனித்தனியாக, நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

எங்கே போவது? தாலியான் காசிஹ் உதவி எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள். தாக்குதல் அண்மையில் நடந்தது என்றால் கோலாலம்பூர் பொது மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரே இடத்தில் சிகிச்சையும் சான்றும் கிடைக்கும். பெட்டாலிங் ஜெயாவில் டபிள்யூ.ஏ.ஓ., ஆவாம் போன்ற பெண்கள் அமைப்புகள் இருக்கின்றன, பினாங்கில் டபிள்யூ.சி.சி. இருக்கிறது. வக்கீல் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் வருமானக் கணக்கைக் காட்டிக் கேட்கலாம்.

போலீஸ் ரிப்போர்ட் மலாயில்தான் பதிவாகும். எழுதி முடித்ததும் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். மலாய் சரளமாக வராதவர்கள் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய், வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். தேதி, இடம், ஆட்களின் பெயர் மூன்றும் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லி, ஒரு நகலை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.