மாமி ஏன் அந்த மருமகளுக்காகச் சண்டை பிடிக்கிறார்?

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒரு லேனில், மூன்றாம் மாடியில் இருக்கிறது மாமியின் வீடு. இரவு ஏழரைக்குப் போனால் யாரும் "வா" என்று சொல்ல மாட்டார்கள். ஒரு கதிரையைக் காலால் தள்ளி விடுவார்கள், அவ்வளவுதான். சென்னையில் எடுத்த நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். கீழ்வீட்டு அன்ரியும் வந்திருப்பார்.

போன வாரம் கதாநாயகன் மனைவியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து கடலோர ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வசனம் போயிற்று. மனைவி அழுதபடி உள்ளே ஓடினாள், விளம்பரம் வந்தது.

"வீட்டை விட்டுப் போ எண்டு சொல்லிப்போட்டான், பாவி" என்றார் மாமி.

"சும்மா இருங்கோ. அம்மாவோட கொஞ்சம் பொறுத்துப் போ எண்டுதான் சொன்னவன். அவளுக்கு உடனே கண்ணீர்" என்றார் அன்ரி.

இருவருக்கும் கேட்டது ரயில் சத்தம் மட்டும்தான். ஆனாலும் மேசையில் இடியப்பம் ஆறும் வரை விவாதம் நடந்தது. வேலையில்லாத வேலை என்பது மாமாவின் தீர்ப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஃபிரிட்ஸ் ஹைடர் என்ற ஆஸ்திரிய உளவியலாளர் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். 1944இல் அவரும் மேரியான் சிம்மலும் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். நடிகர்கள் மூன்று பேர்: ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம். கதவு வைத்த ஒரு பெட்டியைச் சுற்றி இந்த உருவங்கள் நகரும், ஒன்றையொன்று முட்டும், பெட்டிக்குள் போகும், வெளியே வரும். முகம் கிடையாது, குரல் கிடையாது. பார்த்ததை எழுதச் சொன்னபோது முதல் குழுவிலிருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் ஏறக்குறைய முழுவதையும் வடிவங்களின் நகர்வாக எழுதினார். மற்றவர்கள் அதை உயிருள்ளவர்களின் செயலாகவே எழுதினார்கள். பலருக்குப் பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்துபோன பெண், சிறியது அவளைக் காப்பாற்ற வந்தவன். வெறும் வடிவத்துக்கே இவ்வளவு என்றால், பட்டுச் சேலை கட்டிக் கண்ணீர் விடும் ஒருத்திக்கு நம் மூளை எவ்வளவு செய்யும்!

அதே ஹைடர் 1946இல் வேறொரு முக்கோணத்தைக் கையில் எடுத்தார். மூன்று பேர், அவர்களுக்கிடையில் மூன்று உறவுகள். விருப்பம் என்றால் கூட்டல் குறி, வெறுப்பு என்றால் கழித்தல் குறி. மூன்று குறிகளையும் பெருக்கிப் பாருங்கள். விடை கூட்டலாக வந்தால் அந்த முக்கோணம் சமநிலையில் இருக்கிறது, மனம் அதை அப்படியே விட்டுவிடும். எதிரிக்கு எதிரி நண்பன் என்பது இந்தக் கணக்கில் சரியாக வரும்: இரண்டு கழித்தல், ஒரு கூட்டல். விடை கழித்தலாக வந்தால் மனம் உறுத்தும், எதையாவது மாற்றச் சொல்லும். (பெருக்கல் ஹைடருடையது அல்ல. 1956இல் கார்ட்ரைட், ஹராரி என்ற இருவர் அதைக் கணிதமாக்கினார்கள்.)

இப்போது தாய், மகன், மருமகள் மூவரையும் போட்டுப் பாருங்கள். மகனுக்குத் தாயைப் பிடிக்கும், மனைவியையும் பிடிக்கும். அந்த இருவருக்கும் ஆகாது. கூட்டல், கூட்டல், கழித்தல். விடை கழித்தல். இதைச் சரிசெய்ய ஒரு குறியை மாற்றினால் போதும், அதற்கு மூன்று வழி உண்டு: பெண்கள் இருவரும் ராசியாகலாம், மகன் தாயை விட்டுத் தனிக்குடித்தனம் போகலாம், அல்லது மனைவியைக் கைவிடலாம். எதைச் செய்தாலும் முக்கோணம் அமைதியாகிவிடும், நாடகமும் முடிந்துவிடும். அதனால்தான் கதை எழுதுகிறவர்கள் எந்தக் குறியையும் நிலையாக மாற விடுவதில்லை. மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை மனம் திருந்துவார், திங்கட்கிழமை பாலில் எதையாவது கலப்பார்.

ஒரு வீட்டில் பத்துப் பாத்திரங்கள் இருந்தால் இருவர் இருவராக 45 உறவுகள், மூவர் மூவராக 120 முக்கோணங்கள். நடுவில் ஊரிலிருந்து அத்தை மகள் ஒருத்தி பெட்டியோடு வந்து இறங்கினால் இன்னும் 45 முக்கோணங்கள் கூடும். கதை தொய்யும்போதெல்லாம் யாராவது பெட்டியோடு வருவது சும்மா இல்லை.

அப்புறம், யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கு வேறு. 'கடிதம் மாமியாரிடம் இருப்பது மருமகளுக்குத் தெரியாது என்று மச்சாள் நினைக்கிறாள்' என்று மாமி ஒரே மூச்சில் சொல்வார். இப்படி மனத்துக்குள் மனமாக ஐந்து அடுக்கு வரை பெரியவர்களால் பொதுவாகப் பின்தொடர முடியும் என்கிறார் உளவியலாளர் ராபின் டன்பார். அதற்கு மேலே போனால் குழப்பம்தான்.

சரி, மாமியும் அன்ரியும் ஏன் மோதுகிறார்கள்? ஹைடர் முதலில் எழுதிய முக்கோணமே இதுதான்: நான், இன்னொருவர், நாங்கள் இருவரும் பார்க்கும் ஒரு பொருள். மாமிக்கு அன்ரியைப் பிடிக்கும். பதினைந்து வருடமாகக் கறி பரிமாறிக்கொள்ளும் சிநேகிதம். மாமிக்கு அந்த மருமகளையும் பிடிக்கும். அன்ரிக்கு அவளைப் பிடிக்காது. மறுபடியும் கூட்டல், கூட்டல், கழித்தல். அதாவது திரையில் இருக்கும் கோணல் அப்படியே சோபாவிலும் இருக்கிறது. அன்ரியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தான் மாற வேண்டும். மாமி மாறுகிற ஆள் இல்லை.

கேட்காத வசனத்தை அவரவர் நிரப்பிக்கொண்டதும் புதிதல்ல. 1980களில் தமார் லீப்ஸ், எலிஹு காட்ஸ் என்ற ஊடக ஆய்வாளர்கள் இருவரும் இஸ்ரேலில் பல சமூகத்தவரை வீடுகளிலேயே கூட்டி, 'டல்லஸ்' என்ற அமெரிக்கக் குடும்பத் தொடரைப் பார்க்க வைத்து, பேச விட்டுக் கேட்டார்கள். ஒரு பாகத்தில் சூ எலன் குழந்தையோடு கணவனை விட்டு வெளியேறி, பழைய காதலனும் அவனுடைய தகப்பனும் இருக்கும் வீட்டுக்குப் போகிறாள். அரபுக் குழு ஒன்று, அவள் தன் சொந்தத் தகப்பன் வீட்டுக்குப் போனாள் என்றே ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொண்டது. கோபித்துக்கொண்ட பெண் வேறு எங்கே போவாள்? தெரிந்த குடும்ப வழக்கம் கண் முன்னால் நடந்ததையே திருத்திவிட்டது.

நாங்களும் திருத்திக்கொண்டுதான் பார்க்கிறோம். சென்னை நாடகத்தில் மருமகள் 'அத்தை' என்று கூப்பிட, எங்கள் வீட்டில் அது 'மாமி' ஆகிறது. யாழ்ப்பாண வழக்கில் அப்பாவின் சகோதரியும் மாமிதான், அம்மாவின் சகோதரன் மனைவியும் மாமிதான், கணவனின் தாயும் மாமிதான். 'நாத்தனார்' என்ற சொல்லிலேயே ஒரு முள் இருக்கிறது. அதே ஆளை 'மச்சாள்' என்றால் பாதிக் கோபம் போய்விடுகிறது, பகிடி விடலாம் போல இருக்கிறது. சொல் மாறும்போது குறியும் கொஞ்சம் மாறுகிறது என்பது என் எண்ணம்.

ஹைடரின் கணக்கில் ஓட்டையும் உண்டு. ஒரே ஆளை ஒரே நேரத்தில் விரும்பவும் வெறுக்கவும் மனிதரால் முடியும். அதற்கு என்ன குறி போடுவது? மாமி அந்த மாமியார் நடிகையை வாய் நிறையத் திட்டுவார். அவர் இரண்டு நாள் வராவிட்டால், "என்னவோ தெரியேல்ல, காணேல்ல" என்று கவலைப்படுவார்.

மறுநாள் மத்தியானம் மறுஒளிபரப்பு. இருவரும் நேரத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். அன்ரி எழுந்து கடல் பக்க ஜன்னலைச் சாத்தினார். கதாநாயகன் வாயைத் திறந்தான்.

"என்னால முடியல."

அவ்வளவுதான் வசனம். மனைவி அழுதபடி உள்ளே ஓடினாள்.

"பாத்தியளே, அவளோட இருக்க ஏலாதாம். நான் சொன்னது சரி" என்றார் மாமி.

"ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு அவனுக்கு ஏலாமல் போச்சு, பாவம்" என்றார் அன்ரி.

நான் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.