அதிரும் மூலக்கூறே கடிகாரம்

ஸ்ட்ரான்ஷியம் அணுக்கள் இரண்டு பிணைந்த மூலக்கூறை, ஸ்பிரிங்கின் இரு முனைகளில் மாட்டிய இரண்டு குண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங்கின் வேகத்தைத் தீர்மானிப்பதில் குண்டுகளின் நிறைக்கும் பங்குண்டு. ஒளியின் அதிர்வெண்ணில் துடிக்கும் அணுக் கடிகாரத்தில் தாவுவது எலெக்ட்ரான்; இங்கே அதிர்வது அணுக்கருக்கள். இந்த அதிர்வையே கடிகாரமாக்கப் படும் இத்தனை பாடும் அந்த வேறுபாட்டுக்காகத்தான்.

மூலக்கூறை நேரடியாக லேசரால் குளிர்விப்பது கடினம். ஒளியை உறிஞ்சி உமிழும்போது அது வேறொரு அதிர்வு நிலைக்கு நழுவிவிடும். பிறகு அந்த லேசருக்கு அகப்படாது. அதனால் முதலில் அணுக்களைக் குளிர்விக்கிறார்கள்: 461 நானோமீட்டர் நீல ஒளியில் மில்லிகெல்வினுக்கு, அடுத்து 689 நானோமீட்டர் சிவப்பொளியில் சில மைக்ரோகெல்வினுக்கு. எதிரெதிர் லேசர் கதிர்களால் ஆன ஒளிப்பின்னலில் அவற்றை அடைத்தபின், அணு உறிஞ்சும் அந்த 689 நானோமீட்டர் ஒளியைவிடச் சற்றே குறைந்த அதிர்வெண்ணில் ஒளி பாய்ச்சினால் ஜோடிகள் சேர்ந்து மூலக்கூறாகும். பிணைப்பு மிக மெல்லியது. 63 அதிர்வு நிலைகளில் ஆக மேலே உள்ளதில் அவை நிற்கும்.

அங்கிருந்து அடிமட்ட நிலைக்கு இறக்கும் தாவல்தான் கடிகாரத்தின் துடிப்பு, சுமார் 32 டெராஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 32 லட்சம் கோடி துடிப்பு. ஒத்த அணுக்கள் என்பதால் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்ற பிரிவு (இருமுனைத் திருப்புத்திறன்) கிடையாது, அகச்சிவப்பு ஒளி நேரே வேலை செய்யாது. ஆகவே இரண்டு லேசர்களின் அதிர்வெண் வித்தியாசத்தால் ராமன் முறையில் இறக்க வேண்டும். அதே காரணத்தால் அறைச்சூட்டின் கதிர்வீச்சும் இதை அவ்வளவாகக் கலைக்காது. இறங்காமல் மேலேயே நின்றவற்றை மறுபடி அணுக்களாக உடைத்து, நீல ஒளியில் படமெடுத்து எண்ணுவார்கள்.

பெரிய தொல்லை பின்னலின் ஒளியே. மேல், அடி என இரு நிலைகளின் ஆற்றலையும் அது வெவ்வேறு அளவு நகர்த்தினால் மூலக்கூறு இருக்கும் இடத்துக்கேற்ப அதிர்வெண் மாறி, துடிப்பின் கூர்மை மழுங்கிவிடும். இரண்டும் ஒரேயளவு நகரும் 'மாய அலைநீளம்' 1005 நானோமீட்டர் அருகே, மூலக்கூறு ஒளியை வலுவாக ஏற்கும் ஒரு குறுகிய அலைநீளத்தை (ஒத்ததிர்வு) ஒட்டி இருக்கிறது. ஆனால் ஒத்ததிர்வை மிக நெருங்கினால் மூலக்கூறு ஒளியைச் சிதறடித்துப் பின்னலிலிருந்து காணாமல் போகும். பின்னல் லேசரின் அகன்ற பின்னணி ஒளியையும் வடிகட்டியாக வேண்டும். நெருக்கமாக அடைத்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதியும் அழிகின்றன.

கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2023-இல் இதன் முறைசார் பிழையை, அதாவது அளவீட்டு முறையே கொண்டுவரும் பிழையை, 10¹⁴-இல் சுமார் 5 பங்காகக் குறைத்தது. ஒளியில் இயங்கும் சிறந்த அணுக் கடிகாரங்கள் 10¹⁸-இல் ஒரு பங்குக்கும் கீழே எட்டியவை. அதோடு போட்டியல்ல இது. புரோட்டான், எலெக்ட்ரான் நிறைகளின் விகிதம், ஏறத்தாழ 1836, காலப்போக்கில் மாறுகிறதா என்பதே கேள்வி. மேலிருந்து அடிவரை தாவும் இந்த 32 டெராஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட பிணைப்பின் முழு ஆழம் (இரு அணுக்களையும் பிரிக்கத் தேவையான ஆற்றல்), அதை எலெக்ட்ரான்களே நிர்ணயிக்கின்றன; நிறை மாற்றத்தை அது அவ்வளவாகக் காட்டாது. நடு ஆழத்து நிலைகள்தான் அதிகம் அசையும். எனவே மேல், அடி நிலைகளை நங்கூரமாக வைத்து, நடுநிலைகளை அளக்க வேண்டும்.