தொடையின் நீளமும் 9 ஜியும்: போர் விமானமா, சரக்கு விமானமா?

இந்திய விமானப்படையில் விமானியாகச் சேர வருபவரை உட்கார வைத்துத் தொடையின் நீளத்தை அளப்பார்கள். அது 64 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதிக்குக் காரணம் போர் விமானத்தின் இருக்கை. ஆபத்து நேரத்தில் அது விமானியையும் சேர்த்து ராக்கெட் விசையில் மேலே பாய்ந்துவிடும். முழங்கால் கொஞ்சம் முன்னே நீண்டிருந்தாலும் எதிரே உள்ள கருவிப் பலகையின் விளிம்பில் மோதி நொறுங்கும். பெரிய சரக்கு விமானத்தில் அப்படி ஓர் இருக்கையே கிடையாது. என்ன பழுது வந்தாலும் அதைத் தரையிறக்கிவிட்டுத்தான் விமானி இறங்க வேண்டும்.

இந்த இரண்டில் எதை ஓட்டப் போகிறோம் என்ற கேள்வி பயிற்சியின் நடுவிலேயே வந்துவிடும். ஹைதராபாத்துக்கு அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியில் எல்லோரும் பிலாட்டஸ் பிசி-7 என்ற சிறிய பயிற்சி விமானத்தில்தான் தொடங்குகிறார்கள். அதன் பிறகு பாதை மூன்றாகப் பிரிகிறது: போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர். பயிற்சி பெறுபவரின் விருப்பத்தைக் கேட்பார்கள். ஆனால் அவர் பறந்த விதம், பயிற்றுநரின் மதிப்பீடு, படையின் தேவை எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும்.

போர் விமானம் கிடைக்காதவர்களுக்கு மிச்சமாக விழுவதுதான் சரக்கு விமானம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போதும்.

இரண்டு விமானங்கள் மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. இரண்டும் வந்த வழியே திரும்ப வேண்டும். இறக்கையை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகத் திரும்பலாம். சரக்கு விமானம் வழக்கமாக 30 பாகைக்கு மேல் சாயாது. அப்போது அது போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 7 கிலோமீட்டர். அரை வட்டம் முடிய 110 விநாடி ஆகும். 9 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசை வரை தாங்கும் போர் விமானம் ஏறக்குறைய முழுக்கப் பக்கவாட்டில் சாய்ந்து, 450 மீட்டர் ஆரத்தில் 7 விநாடியில் திரும்பிவிடும்.

வேகம் ஒன்றுதான். ஒருவருக்கு 7 விநாடி, இன்னொருவருக்கு 110 விநாடி. இரண்டு விமானிகளின் மனமும் உடம்பும் பழக வேண்டிய விதம் இங்கேதான் பிரிகிறது.

முதலில் அந்த 7 விநாடிக்குள் போய்ப் பார்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்கள் மேல் இருப்பது 1 ஜி. 9 ஜியில் 70 கிலோ ஆள் 630 கிலோ ஆகிவிடுவார். ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலை மட்டுமே 60 கிலோ கனக்கும். அந்தத் தலையைத் திருப்பி, பின்னால் எதிரி வருகிறானா என்று பார்க்கவும் வேண்டும்.

ரத்தத்தின் பாடு இன்னும் மோசம். இதயத்திலிருந்து மூளை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ரத்தத்தைத் தள்ளவே 1 ஜியில் சுமார் 23 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. மருத்துவர் கையில் பட்டை கட்டி "120-க்கு 80" என்கிறாரே, அதே அளவுகோல்தான். 5 ஜியில் செலவு ஐந்து மடங்காகி 115-ஐத் தொடும். இதயம் தள்ளும் அழுத்தம் முழுவதும் அந்த ஏற்றத்திலேயே தீர்ந்துவிடுகிறது. முதலில் தவிப்பது கண். கண்ணுக்குள்ளேயே ஓர் அழுத்தம் இருப்பதால், அதைத் தாண்டி ரத்தம் நுழைய முடியாமல் போகும். நிறங்கள் வெளுக்கும், பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பது போலச் சுருங்கும், பிறகு முழு இருட்டு. அப்புறம் நினைவு தப்பும். விசை சட்டென்று ஏறினால் இந்த முன்னறிவிப்பு எதுவுமே இல்லாமல் நேராக மயக்கம் வந்துவிடும். தெளிந்து நிதானத்துக்கு வர அரை நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் விமானம் 6 கிலோமீட்டர் போயிருக்கும், கீழ்நோக்கியும் போயிருக்கலாம்.

இதைச் சமாளிக்க விமானி ஜி-சூட் அணிகிறார். அதில் உள்ள பைகள் காற்று நிரம்பித் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, ரத்தம் காலுக்கு இறங்காமல் தடுக்கும். அதுவும் போதாது. காலையும் வயிற்றையும் முறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று விநாடிக்கு ஒருமுறை வெடுக்கென்று விட்டு இழுக்க வேண்டும். பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில், நீண்ட கையின் முனையில் ஆளை உட்கார வைத்து ராட்டினம் போலச் சுழற்றும் இயந்திரத்தில் இதைப் பழக்குகிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் விமானத்தை நேராக வைத்திருப்பது யார்? தேஜஸ் போன்ற போர் விமானத்தில் அது கணினியின் வேலை. தேஜஸ் வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. உள்ளங்கையில் ஒரு கம்பை நட்டு நிறுத்துவது போன்ற நிலை அது; எந்தப் பக்கமும் உடனே சாயத் தயாராக இருப்பதால்தான் அவ்வளவு வேகமாகத் திரும்ப முடிகிறது. கம்பு விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கணினி நொடிக்குப் பல முறை செய்கிறது. ரேடாரையும் ஆயுதத்தையும் எதிரியையும் கவனிப்பது மனிதரின் வேலை. தேஜஸில் அதற்கும் அவர் ஒருவர்தான்.

சரி, இப்போது 110 விநாடிக்காரரிடம் வருவோம்.

சி-17 குளோப்மாஸ்டர் என்ற பெரிய சரக்கு விமானம் முழுச் சுமையோடு 265 டன். நான்கு இன்ஜின்களும் சேர்ந்து தரும் உந்துவிசை அந்த எடையில் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். போர் விமானத்தில் இந்த விகிதம் ஒன்றை நெருங்கும். எனவே தரையிறங்கும்போது வேகம் குறைந்துவிட்டால், போர் விமானி இன்ஜின் விசையைக் கூட்டும் கைப்பிடியைத் தள்ளி மீட்டுவிடுவார். பெரிய விமானத்தில் இன்ஜின் வேகம் பிடிக்கவே சில விநாடிகள் ஆகும். அதன் பிறகு 200 டன்னுக்கு மேற்பட்ட பொருள் மெல்ல அசைந்துகொடுக்க வேண்டும். பிழை நேர்ந்த பிறகு திருத்த நேரம் கிடைக்காது. ஆகவே பிழை வருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடப் பழகுகிறார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் விமானம் எங்கே இருக்கும் என்ற எண்ணம் எப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சுமையும் சும்மா இருக்காது. வானிலிருந்து பாரசூட்டில் சரக்கை இறக்கும்போது, பல டன் பெட்டி பின்கதவை நோக்கி உருளும். கிணற்றடி ஏற்றம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: மேலே மரத்தில் நிற்கும் ஆள் இரண்டு அடி பின்னே நடந்தால் மறுமுனை உயரும். விமானத்தின் மூக்கும் அப்படியே எழும். விமானி அதை அழுத்திப் பிடிக்க வேண்டும்; பெட்டி வெளியே விழுந்த அதே கணத்தில் அழுத்தத்தை விட்டுவிடவும் வேண்டும்.

2013 ஆகஸ்ட் 20 அன்று சி-130ஜே சரக்கு விமானம் ஒன்று லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியது. கடல் மட்டத்திலிருந்து 5,065 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். அந்த மெல்லிய காற்றில் இறக்கை அதே எடையைத் தாங்க வேண்டுமானால் விமானம் 30 சதவீதம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொட வேண்டும். தரையில் ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளும். இன்ஜினின் பலமும் அங்கே குறைந்துவிடும். இவ்வளவையும் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும்.

2023 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் வெடித்த சூடானில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது. கார்ட்டூமுக்கு வடக்கே வாதி சய்யித்னா என்ற சேதமடைந்த ஓடுதளம். விளக்கு இல்லை, வழிகாட்டும் கருவி இல்லை. நள்ளிரவில் ஒரு சி-130ஜே குழு, அகச்சிவப்புக் கருவியால் ஓடுதளத்தில் தடை ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரவுப் பார்வைக் கண்ணாடியோடு இறங்கியது. இன்ஜினை அணைக்காமலே, அங்கே சிக்கியிருந்த 121 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. இதைச் செய்தவர்களையா இரண்டாம் தரம் என்பது?

இந்த இரண்டு வகை விமானிகளும் சில மீட்டர் இடைவெளியில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, வானில் எரிபொருள் நிரப்பும்போது. 2018 செப்டம்பர் 10 அன்று தேஜஸ் ஒன்று, 20,000 அடி உயரத்தில், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில், எரிபொருள் சுமக்கும் ஐஎல்-78 டேங்கர் விமானத்தின் பின்னால் போய் நின்றது. டேங்கரிலிருந்து நீளும் குழாயின் முனையில் ஒரு கூடை காற்றில் ஆடும். தேஜஸ் தன் மூக்கருகே நீட்டியிருக்கும் குழலை, நாம் நடக்கிற வேகத்தில் அதற்குள் செலுத்த வேண்டும். வேகம் குறைந்தால் பூட்டு விழாது, மிஞ்சினால் குழாய் சாட்டை போல வளைந்து அடிக்கும். 7 விநாடியில் திரும்பத் தெரிந்தவர் இங்கே விரல் நுனியில் அங்குலம் அங்குலமாக நகர்கிறார். அவருக்கு முன்னே டேங்கர் விமானி, நூற்றுக்கு மேற்பட்ட டன் எடையைக் கொஞ்சமும் அலுங்காமல் ஒரே கோட்டில் பிடித்திருக்கிறார். அன்று 1,900 கிலோ எரிபொருள் ஏறி முடியும் வரை அந்தக் கோடு அப்படியே இருந்தது.